சேகரத்தில் வாலிபர் ஊழியராகப் பொறுப்பேற்பவர்களுக்கு

தென்னிந்தியத் திருச்சபையின் தென்மாவட்டச் சேகரங்களில் வாலிபர் ஊழியராகப் பொறுப்பேற்க வருகிறவர்களில் பலர், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நடக்கும் வாலிபர் ஐக்கியக் கூட்டத்தையே தம் வேலை என்று எண்ணி வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் ஆண்டு முழுவதும் வினாடி வினாவுக்கும் பாடல் பயிற்சிக்கும் செலவிட்டேன். ஆண்டு முடிவில் கூட்டத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது. அந்தக் கூட்டம் வாரத்தில் ஒன்றரை மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கவலையோடு படுக்கப் போகிறார்கள் என்பதை அறிந்திருப்பதுதான் இந்த ஊழியம். கீழே எழுதியிருப்பவை அதை எப்படித் தொடங்குவது என்பதற்கான வழிகள்.

நியமனக் கடிதம் வாங்குமுன்

சேகரம் என்பது ஒரு தலைமைக் கோவிலும் அதைச் சுற்றியுள்ள கிளைச் சபைகளும் சேர்ந்தது. சேகர குருவானவர் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. கிளைச் சபைகளைச் சபை ஊழியர்கள் கவனிப்பார்கள். பணமும் நிர்வாகமும் கமிட்டியின் கையில் இருக்கும். இவர்களுக்கு நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், வாரத்தில் எந்த நாள் ஓய்வு, கோவில் அலுவலக எழுத்து வேலையும் ஒலிபெருக்கிப் பராமரிப்பும் உங்கள் பொறுப்பில் சேருமா, பெண் பிள்ளைகளுக்கான வேலையைச் சேர்ந்து செய்யச் சபையில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குவது மரியாதைக் குறைவு ஆகாது. எழுத்தில் இல்லாத வேலைகள் எல்லாம், கேட்க ஆளில்லாத இளையவரின் தோளுக்கே வந்து சேரும்.

எந்த மிஷன், அதாவது எந்த வெளிநாட்டு மிஷனெரிச் சங்கம், வழிவந்த சபை என்பதையும் விசாரியுங்கள். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், கான்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து உருவானது. திருநெல்வேலிப் பகுதியின் பழைய ஆங்கிலிக்கன் சபைகளில் குருவானவரின் சொல்லுக்கும் வழிபாட்டு ஒழுங்குக்கும் கனம் அதிகம். லண்டன் மிஷன் வழிவந்த கன்னியாகுமரிப் பக்கத்தில் சபையார் கூடி முடிவெடுக்கும் பழக்கத்துக்கு வேர் ஆழம். புதிய திட்டத்தை முதலில் யாரிடம் பேச வேண்டும் என்பது இதைப் பொறுத்தது.

முதல் இரண்டு மாதம்: வீடுகள்

முதல் இரண்டு மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டையும், வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கான திடப்படுத்தலின் பதிவேட்டையும் குருவானவரின் அனுமதியோடு எடுத்து, பதின்மூன்று வயது முதல் முப்பது வயது வரை உள்ளவர்களின் பட்டியலை எழுதுங்கள். ஒரு நோட்டில் ஒருவருக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். பதிவேட்டில் இருப்பவர்களில் பாதிப் பேரைக் கோவிலில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் தேடிப் போக வேண்டியவர்கள் அவர்களே.

கிளைச் சபைக்குப் போகும்போது அந்த ஊர்ச் சபை ஊழியரை அழைத்துக்கொண்டு போங்கள். எந்த வீட்டில் போன மாதம் மரணம் நடந்தது, எந்த இரண்டு குடும்பங்கள் வேலித் தகராறில் பேசாமல் இருக்கின்றன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டு நேரத்தையும் அவரிடமே கேளுங்கள். பீடி சுற்றும் வீடுகளில் கடைக்குப் பீடி கொண்டுபோகும் நேரத்துக்கு முன்னால் தட்டை மடியில் வைத்திருக்கும் தாயிடம் பேச்சுக் கொடுப்பது அன்றைய கூலியில் கை வைப்பதாகும். பொதுவாக மாலை ஆறரைக்குமேல் எட்டு மணிக்குள் போவது நல்லது. பெரியவர்கள் இல்லாத வீட்டில், குறிப்பாகப் பெண் பிள்ளை தனியாக இருக்கும் வீட்டில், வாசலோடு பேசிவிட்டுத் திரும்புங்கள். உள்ளே போனாலும் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், உட்காருங்கள்.

“ஏன் கோவிலுக்கு வரவில்லை?” என்ற கேள்வியோடு எந்த வீட்டிலும் நுழையாதீர்கள். அந்தக் கேள்வியை அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறார்கள்; அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருக்கிறார்கள். என்ன படிக்கிறாய், எந்தப் பேருந்தில் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புகிறாய் என்று கேளுங்கள். கொடுத்த காப்பியைக் குடியுங்கள், முடிந்தால் சாப்பிடுங்கள், சிறிய ஜெபம் செய்துவிட்டுக் கிளம்புங்கள். வெளியே வந்ததும் நோட்டில் மூன்று வரி எழுதிவிடுங்கள். இரவு எழுதலாம் என்று விட்டால் ஐந்து வீடுகளின் செய்தியும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

எந்தத் தெருவுக்கு முதலில் போகிறீர்கள் என்பதை ஊர் கவனித்துக்கொண்டே இருக்கும். நம் சபைகளில் சாதி இல்லை என்று மேடையில் சொல்லலாம். ஆனால் தெருவில் இருக்கிறது. கோவிலை ஒட்டிய தெருவில் மட்டும் பத்து வீடுகள் ஏறிவிட்டு, ஊரின் கடைசியிலிருக்கும் காலனிக்குப் பிறகு போகலாம் என்று தள்ளிவைத்தால், அந்தக் காலனிப் பிள்ளைகள் உங்கள் கூட்டத்துக்கு வந்தாலும் கடைசி வரிசையில்தான் உட்காருவார்கள். முதல் வாரத்திலேயே அங்கே போய், ஒரு வீட்டிலாவது உட்கார்ந்து சாப்பிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வார நாட்கள்

காலை ஏழரைக்கு ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் இருபது நிமிடம் நின்றால், அந்த ஊர் மாணவர்களில் பெரும்பாலோரைப் பார்த்துவிடலாம். பிரசங்கம் செய்ய வேண்டாம். பெயர் சொல்லி அழைத்து, நேற்று எழுதிய தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும். மாலையில் விளையாட்டு நடக்கும் பொட்டலுக்குப் போங்கள். ஆடத் தெரியாவிட்டால் ஓரத்தில் உட்காருங்கள். கோவில் வாசலை மிதிக்காத பையன்கள் அங்கே இருப்பார்கள். நான்கைந்து மாதம் தொடர்ந்து போன பிறகு ஒருவன் தானாக வந்து பக்கத்தில் உட்காருவான். அதற்கு முன்னால் அவசரப்பட்டு எதையும் கேட்காதீர்கள்.

ஞாயிறு முழுவதும் உழைப்பதால் திங்கள் ஓய்வுநாளாக இருப்பது நல்லது. செவ்வாயும் புதனும் வீடுகளுக்கு, வியாழன் படிப்புக்கும் ஆயத்தத்துக்கும், வெள்ளி மாலை அந்த வாரக் கூட்டத்தை நடத்தப்போகும் பிள்ளைகளோடு உட்காருவதற்கு, சனி பாடகர் குழுவுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் என்று நான் பிரித்துக்கொண்டேன். சாவு வீடும் கல்யாண வீடும் இந்த ஒழுங்கை வாரத்தில் ஒரு முறையாவது கலைக்கும். சாவு வீட்டுக்குக் கட்டாயம் போங்கள்; தகப்பனை இழந்த பையன், அன்று யார் தன் பக்கத்தில் நின்றார்கள் என்பதை வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டான்.

ஞாயிறு மாலைக் கூட்டம்

கூட்டத்தை நீங்களே நடத்தாதீர்கள். 1881இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தொடங்கிய கிறிஸ்தவ முயற்சி சங்கம் நம் ஊர்கள் வரைக்கும் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், இளைஞர் ஒவ்வொருவரும் கூட்டத்தில் ஏதாவது ஒரு பங்கை எடுத்தே தீரவேண்டும் என்ற அதன் ஒழுங்கு. அந்த ஒழுங்கு இன்றும் பலன் தருகிறது. இந்த வாரம் வேத பாடம் வாசிப்பவர், ஜெபிப்பவர், பாடல்களைத் தேர்ந்தெடுப்பவர், பாய் விரிப்பவர் என்று மூன்று வாரத்துக்கு முன்பே பெயர்களைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். பேசப் பயப்படும் பிள்ளைக்கு முதலில் அறிவிப்பு வாசிக்கக் கொடுங்கள்.

வேத பாடத்துக்கு அரை மணி நேரம் போதும். ஒரு பகுதியை வாசித்து, மூன்று கேள்விகள் கேட்டு, ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து பேசவிட்டால், நாற்பது நிமிடப் பிரசங்கத்தில் கிடைக்காதது கிடைக்கும். கேள்வி பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொட வேண்டும். தகப்பன் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த கெட்ட குமாரன் கதையை வாசித்துவிட்டு, அதன் பாடம் என்ன என்று கேட்டால் மனப்பாடமான பதில் வரும். வீட்டிலேயே இருந்த மூத்த மகனுடைய கோபம் நியாயமா என்று கேட்டுப் பாருங்கள், தம்பியின் படிப்புக்காகத் தன் படிப்பை நிறுத்திய ஒருத்தி அன்று வாய் திறப்பாள். இருட்டுமுன் முடித்து, தூரத்திலிருந்து வந்த பெண் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு பிள்ளை தனியாகப் பேச வரும்போது

இந்த ஊழியத்தின் கனமான பகுதி இதுதான். மற்ற எல்லா உழைப்பும், இந்தப் பிள்ளை இந்த நாளில் உங்களைத் தேடி வருவதற்காகத்தான்.

இடத்தை முதலில் தீர்மானியுங்கள். பேசுவது பிறர் காதில் விழக்கூடாது, ஆனால் நீங்கள் இருவரும் பிறர் கண்ணில் பட வேண்டும். கோவில் வளாகத்து வேப்பமரத்தடி அதற்குப் பொருத்தமான இடம். கோவிலின் பக்க அறையான வெஸ்ட்ரியில் பேச நேர்ந்தால் கதவைத் திறந்து வையுங்கள். பெண் பிள்ளை பேச விரும்பினால், அவளே தேர்ந்தெடுக்கும் ஓர் அக்காவோ ஆசிரியையோ உடன் இருக்கட்டும். வயது நிரம்பாத பிள்ளைகளோடு இரவில் கைபேசியில் தனியாக உரையாடாதீர்கள். அவசரமாக ஏதாவது வந்தால் பெற்றோரையோ குருவானவரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் சந்தேகம் இருப்பதால் இப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பாதுகாக்கும் ஒழுங்கு, நம்பிக்கைக்குரியவருக்கும் மற்றவருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அது பாதுகாப்பாக இருக்கும்.

“யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்க, அண்ணே” என்று தொடங்கும் பிள்ளைக்கு அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். “உன்னைக் கேட்காமல் ஊரில் பேச மாட்டேன், ஆனால் உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால், உதவக்கூடியவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், அப்போதும் உன் கூடவே இருப்பேன்” என்று சொல்லுங்கள். நான் இப்படிச் சொன்ன பிறகு எழுந்து போனவர்கள் மிகக் குறைவு.

பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் பாலியல் துன்புறுத்தலைப் பற்றிச் சொன்னால், அதை மூடி மறைக்கும் உரிமை உங்களுக்கோ குருவானவருக்கோ கமிட்டிக்கோ கிடையாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாக அறிகிற யாராக இருந்தாலும் சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறுவதே 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தம் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் அது ஓராண்டு வரை போகும். 1098 என்ற சிறார் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளை சொல்வதைத் தோண்டித் துருவி விசாரிக்காதீர்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள், நம்புகிறேன் என்று சொல்லுங்கள், அன்றைக்கே அடுத்த நடவடிக்கையை எடுங்கள். ‘சபையின் பெயர் கெட்டுவிடும்’ என்று யாராவது பெரியவர் சொல்வார். அந்தப் பேச்சுக்கு நீங்கள் ஒருபோதும் இணங்கக்கூடாது. ஒரு பிள்ளையின் அழுகையை அமுக்கிச் சபையின் பெயரைக் காப்பாற்ற முடியாது.

சாவைப் பற்றிப் பேசுகிற பிள்ளையிடம் நேராகவே கேளுங்கள்: “செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது, கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் உண்டாகும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அவனுக்குப் பிரியமான பெரியவரை வரவழையுங்கள், வீட்டில் வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து இருந்தால் அதை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழில் பேசலாம். ஜெபம் பண்ணினால் சரியாகும் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஜெபியுங்கள், மருத்துவரிடம் அழைத்துக்கொண்டும் போங்கள்.

காதல் விவகாரம் அடிக்கடி வரும், அதிலும் சாதி கடந்ததாக இருந்தால் பயத்தோடு வரும். தூது போகாதீர்கள், காட்டிக்கொடுக்கவும் செய்யாதீர்கள். வயது நிரம்பாதவர்கள் என்றால், பெண்ணின் சம்மதம் இருந்தாலும் சட்டம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது என்பதைப் பையனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். பல பையன்களுக்கு இது தெரியாது. வயது வந்தவர்கள் என்றால் பொறுமையாகக் கேட்டு, குருவானவரிடம் பேச அவர்களே வரும்படி தைரியம் கொடுங்கள்.

பரீட்சையும் சான்றிதழும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மார்ச்சில் நடக்கும், முடிவு மே மாதத்தில் வரும். மார்ச்சில் எந்த நிகழ்ச்சியையும் வைக்காதீர்கள். கோவில் கூடத்தை மாலையில் படிக்கத் திறந்துவிட்டு, மின்விசிறியும் குடிதண்ணீரும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். முடிவு வரும் நாளில், அதிக மதிப்பெண் எடுத்தவர்களை வாழ்த்த ஊரே போகும். நீங்கள் தவறியவர்களின் வீட்டுக்குப் போங்கள். அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்ற செய்தியோடு, விண்ணப்பம் நிரப்ப உதவும் கையோடு போங்கள்.

சலுகைகளைப் பற்றிய அறிவும் இந்த ஊழியத்தில் அடங்கும். அட்டவணைச் சாதிகளிலிருந்து கிறிஸ்தவரான குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி காரணமாக எஸ்.சி. தகுதி கிடையாது, தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினரின் பட்டியலில் வருகிறார்கள். இதை அறியாமல் கல்லூரிச் சேர்க்கையின்போது தடுமாறிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை பிப்ரவரியிலேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவியருக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. 2024இல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. நம் திருமண்டலத்தின் (பேராயரின் கீழ் உள்ள சபைகளின்) பள்ளிகளில் பல உதவிபெறும் பள்ளிகள் என்பதால் இதை ஞாயிறு அறிவிப்பிலேயே சொல்லலாம்.

முகாம்

பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் ஒரு பிள்ளையையும் அழைத்துப் போகாதீர்கள். ஒவ்வாமை, வலிப்பு, மூச்சிரைப்பு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். பெண் பிள்ளைகள் வந்தால் இரவும் பகலும் உடன் இருக்கப் பெண் பொறுப்பாளர்கள் வேண்டும். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் தங்கும் முகாமை விட்டுவிட்டு ஒருநாள் முகாம் நடத்துங்கள்.

நம் முகாம்களின் பெரிய ஆபத்து தண்ணீர். தாமிரபரணியில் மணல் அள்ளிய குழிகள் மேலே நின்று பார்த்தால் தெரியாது. குற்றாலத்தில் மலைமேல் பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போதே அருவியில் வெள்ளமாக இறங்கும். மணப்பாட்டுக் கடலின் அழகைப் பார்த்து இறங்கினால் அலை இழுக்கும். குளிக்கும் நேரத்தை நிகழ்ச்சி நிரலில் எழுதி, அந்த நேரம் தவிர யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள். இறங்குமுன்னும் ஏறிய பின்னும் தலைகளை எண்ணுங்கள். நீச்சல் தெரிந்த இரண்டு பெரியவர்கள் கரையில் உடை மாற்றாமல் நிற்கட்டும், அவர்கள் அன்று குளிக்க வேண்டாம்.

கடைசி இரவுக் கூட்டத்தில் பிள்ளைகள் அழுவார்கள், கைகளை உயர்த்துவார்கள். உயர்ந்த கைகளின் எண்ணிக்கையை அறிக்கையில் எழுதாதீர்கள். மூன்று வாரம் கழித்து அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், தகப்பனோடு பேசத் தொடங்கிவிட்டானா, எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தானா என்று மெதுவாகக் கேட்டறியுங்கள்.

ஊரைவிட்டுப் போனவர்கள்

உங்கள் பட்டியலில் இருபது வயதைக் கடந்தவர்களில் பெரும்பகுதியினர் சென்னையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பார்கள். 1844இல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.யைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ், கிராமத்து விவசாயக் குடும்பத்திலிருந்து நகரத்துத் துணிக்கடைக்கு வேலைக்கு வந்த இளைஞர். தம்மைப் போலவே கடையிலேயே தங்கி உழைத்த தோழர்களின் தனிமையைக் கண்டுதான் அவர்களைக் கூட்டினார். திருப்பூர் விடுதியில் இருக்கும் நம் பிள்ளையின் நிலையும் அதுவே. மாதம் ஒரு முறை ஒவ்வொருவரையும் அழையுங்கள். போகும் ஊரில் தமிழ்ச் சபை எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அங்குள்ள குருவானவருக்கு இவர்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதுங்கள். கிறிஸ்துமசுக்கு ஊர் திரும்புகிறவர்களுக்காக, டிசம்பர் 26க்கும் ஆண்டுக் கடைசி இரவு ஆராதனைக்கும் இடையில் ஒரு மாலையை ஒதுக்கி வையுங்கள். வீடு வீடாகப் பாடிப்போகும் கீத பவனியில் அவர்களும் வருவார்கள். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, வெறும் குரலில் பாடிக்கொண்டு போங்கள்.

பணமும் உங்கள் வீடும்

ஐக்கியத்தின் காணிக்கையை நீங்கள் கையில் வாங்காதீர்கள். பிள்ளைகளிலிருந்து ஒரு பொருளாளரைத் தேர்ந்தெடுத்து, இருவர் எண்ணி, இருவர் கையெழுத்திட்டு, மாதக் கணக்கைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கைப்பணத்தைப் போட்டுச் செய்த செலவுக்கும் ரசீது வையுங்கள்.

ஓய்வுநாளைக் காப்பாற்றுங்கள். திருமணமானவர் என்றால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சனி மாலை ஒன்றையாவது மாதத்தில் கொடுங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அண்ணனாக இருந்து தன் பிள்ளைக்கு அந்நியராகிப்போன மூத்த ஊழியர் ஒருவர் என்னிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறார். வேறு சேகரத்து ஊழியர் ஒருவரை நண்பராக வைத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை சந்தித்து மனம்விட்டுப் பேசுங்கள்.

விடைபெறும்போது

மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் மாற்றல் வரும். கடைசி ஆறு மாதத்தில் புதிய பொறுப்பு எதையும் கையில் எடுக்காமல், கூட்டத்தை நடத்துவதை முழுவதும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். கணக்குப் புத்தகம், பெயர்ப்பட்டியல், முகாம் தாள்கள், கூடத்தின் சாவி ஆகியவற்றைக் குருவானவர் முன்னிலையில் அடுத்தவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ இருக்கும் விஷயங்களைப் பற்றிய குறிப்புகளை உறையிலிட்டுக் குருவானவரிடம் கொடுங்கள். ஒருவருக்கு ஒரு பக்கம் என்று நீங்கள் எழுதி வந்த நோட்டை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். அடுத்து வருகிறவர் தம் சொந்த நோட்டோடு அந்த வீடுகளில் ஏறட்டும்.